குறைந்த ஆபத்துள்ள பிரெஞ்சுக்காரர்

ஜில்பேர் வீசிய இரும்புக் குண்டு மண்ணில் உருண்டு போய், இலக்காக வைத்திருந்த சின்ன மரக்குண்டை உரசிக்கொண்டு நின்றது. அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். பெத்தாங்க் திடலில் நின்றிருந்த கூட்டாளிகள் கைதட்டினார்கள். நல்ல வீச்சு அமைந்துவிட்டால் முட்டிபோட்டு மண்ணை முத்தமிடுவது அவர் பழக்கம். இந்தத் தடவை முத்தம் கொஞ்சம் நீளமாகப் போகிறதே என்று யாருக்கோ தோன்றிய பிறகுதான் கைதட்டல் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆஞ்சியோ எடுத்தார்கள். "இடது பக்கத்துப் பெரிய குழாய். வாசல்லயே அடைச்சிருக்கு" என்று திரையைக் காட்டினார் டாக்டர். அடைப்பை எடுக்க அவர்கள் தயாராவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்டு வராந்தாவுக்கு வந்து நின்ற தம்பி தேவதாஸைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி, "சார், நீங்க எழுந்து நடக்கக் கூடாது" என்று அதட்டினாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நர்ஸின் மேல் தப்பில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். கொஞ்சம் முந்தி வெளியே வந்தவர் என்பதால் ஜில்பேர் அண்ணன். அதே மூக்கு, அதே வழுக்கை, சிரிக்கும்போது அதே இடது கண் சின்னதாவது. பெற்ற தாயே குழம்பிப்போய் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை எண்ணெய் தேய்த்த நாட்கள் உண்டு.

வித்தியாசம் கல்யாணத்தில் வந்தது. ஜில்பேருக்கு வாய்த்தவள் எலிஸபெத். சொல்தா வீட்டுப் பெண். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கட்டில், பீரோ, மோதிரத்தோடு பிரெஞ்சு நேஷனாலிட்டியும் பெண்ணோடு வந்தது. ஜில்பேர் கடல் தாண்டிப் போய் ஒரு விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கி, பென்ஷனோடு பாண்டிச்சேரிக்குத் திரும்பிவந்து சாரம் பகுதியில் வீடு கட்டினார். தேவதாஸ் எங்கும் போகவில்லை. ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்து ஓய்வுபெற்று, பாகூர்ப் பக்கத்து வசந்தாவோடு அண்ணன் வீட்டை ஒட்டியே குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் எலிஸபெத் வெண்ணெயில் மாட்டுக்கறி வதக்குவாள். இந்தப் பக்கம் வசந்தா கீரை கடைவாள். வசந்தாவின் அப்பா பக்கவாதத்தில் போனவர். அதிலிருந்து அவள் சமையலறையில் உப்பும் எண்ணெயும் மருந்து மாதிரிதான் விழும். சில நாள் மத்தியானங்களில் தேவதாஸ் அந்தச் சுவரின் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேழ்வரகுக் களி தின்பார்.

ஜில்பேர் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால், லாஸ்பேட்டையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் முகாம் போட்டிருந்தது. ரத்தம் கொடுத்தால் மரபணுவைப் படித்து, மாரடைப்பு வருமா வராதா என்று சொல்வார்களாம். கையோடு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரும் உண்டு. அண்ணன் முன்னால், தம்பி பின்னால் என்று வரிசையில் நின்றார்கள். மேஜையில் கவிநிலா என்ற கருவடிக்குப்பத்துப் பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்க எந்த மக்கள்?"

"பிரெஞ்சு" என்றார் ஜில்பேர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பழுத்த பனம்பழ நிறத்தில், வெள்ளை வேட்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தட்டினாள். கம்ப்யூட்டர் பிரெஞ்சை வாங்கி ஐரோப்பியர் என்ற பெட்டிக்குள் போட்டுக்கொண்டது. அடுத்து வந்த தேவதாஸ், "நான் இந்தியன்மா" என்றார். "மெர்சி" என்று சொல்லி ஜில்பேர் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது எலிஸபெத்தின் போனுக்கு அந்த ரிப்போர்ட் வந்தது. பச்சை நிறத்தில், சிரிக்கும் இதயப் படம் போட்டு. கருவடிக்குப்பத்திலிருந்து வந்திருந்த இரட்டையருக்கு மூத்தவளான தெரேஸ் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"வாழ்த்துகள், திரு ஜில்பேர். உங்கள் மரபணுவின்படி மாரடைப்பு வரும் ஆபத்து குறைவு."

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான்.

"பார்த்தீங்களா" என்றாள் தெரேஸ் அக்கா. "எங்க வீட்டு ரத்தம் நல்ல ரத்தம். சயின்ஸே சொல்லுது. அப்புறம் எப்படி செத்தான்? அந்த வெண்ணெய். அந்தக் கறி. ரத்தத்துல இல்லாததை சட்டியில வெச்சு ஊட்டியிருக்கு."

எலிஸபெத் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். சாயந்திரம் சமையலறையைப் பூட்டி, சாவியை வசந்தாவின் கையில் வைத்தாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் இனிமே அடுப்புப் பக்கம் போகக் கூடாது."

"இன்னாக்கா இது, பைத்தியமா உனக்கு?"

"நான்தான் கொன்னுட்டேன் வசந்தா."

அன்று முதல் கடுங்காப்பி, பிஸ்கோத்து. வசந்தா கொண்டுபோய் வைக்கும் சாப்பாடு வைத்தபடியே திரும்பி வந்தது. கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனத்தில் கொலை என்று சொல்லியிருக்கிறாள். சாமியார் பதறிப்போய் எந்த ஆயுதம் என்று கேட்டிருக்கிறார். வெண்ணெய் என்றதும் வெகுநேரம் இருமிவிட்டு, அது எந்தப் பாவப் பட்டியலிலும் இல்லை, வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிடு என்று அனுப்பிவைத்தாராம். பட்டியலில் இல்லாத பாவத்துக்கு மன்னிப்பும் கிடையாது என்று எலிஸபெத் எடுத்துக்கொண்டாள். இடுப்பில் பாவாடை நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் அண்ணியும் கண் முன்னால் கரைவதை தேவதாஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாழ்நாள் முழுக்க பிழை திருத்தியவர் அவர். அச்சில் ஏறிவிட்ட பிழைக்கும் ஒரு வழி உண்டு, கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் ஒட்டலாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனார்.

அவர் உள்ளே நுழைந்ததும் கவிநிலா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "சார்... நீங்க தவறிட்டதா போன் வந்துச்சே?"

"அது அண்ணன். நான் தம்பி. எனக்கு ரிப்போர்ட்டே வரலம்மா."

அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "உங்க சாம்பிள் இல்ல சார்."

"இல்லன்னா?"

"டூப்ளிகேட்டுன்னு தூக்கிட்டாங்க. ரெண்டு டியூப்லயும் ஒரே ரத்தம்னு மெஷின் சொல்லிச்சு. கேரியருக்காக ஒரே ஆளு ரெண்டு வாட்டி வந்துட்டாருன்னு..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெளியூர்ல நடந்திருக்கு சார் அப்படி."

"ரெண்டுல எதைத் தூக்கினீங்க?"

"பின்னாடி வந்தது போயிடும் சார்."

"நான் பின்னாடி வந்தவன்தான்" என்றார் தேவதாஸ். "அப்போ உள்ள இருக்கறது?"

"உங்க அண்ணன்."

"அவரு செத்துட்டாரும்மா."

"டேட்டாவுல இருக்காரு சார்."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டாக்டர் வெற்றிச்செல்வன் வந்தார். ஈரோட்டுக்காரர், ஊருக்குப் புதுசு. ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். தேவதாஸை உட்காரவைத்து, "உங்க அண்ணன் ரொம்ப முக்கியமான சாம்பிள்ங்க" என்றார் ஆசையாக. "பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க. எங்க கட்டுரையே அவங்களைப் பத்தித்தான். மரபணுவுல ஆபத்து குறைவு. ஆனா பிரான்ஸ்ல இருக்கற பிரெஞ்சுக்காரங்களைவிட இங்க மாரடைப்பு எக்கச்சக்கம். கடல் காத்தா இருக்குமோன்னு ஒரு பகுதி எழுதியிருக்கோம்."

தேவதாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர், என்னை நல்லா பாருங்க."

"சொல்லுங்க."

"என் அண்ணன் இப்படித்தான் இருப்பாரு. அச்சு அசல்."

டாக்டர் பார்த்தார். வழுக்கை, மூக்கு, நிறம். கவிநிலாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"கவிநிலா. அந்த பிரெஞ்சு லிஸ்ட்ல மத்தவங்க பேரெல்லாம் என்ன?"

"உங்களுக்கு நம்பர்தானே சார் தருவோம். பேரு ரகசியம்."

"பரவால்ல, சும்மா ரெண்டு சொல்லு."

"ஒலிவியே தணிகாசலம். மொர்கான் கிருஷ்ணசாமி."

"கிருஷ்ணசாமி?"

"எங்க தெருதான் சார் அவரு. பிரெஞ்சு."

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அவங்க தமிழங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். பிரெஞ்சுத் தமிழங்க. நீங்க எந்த மக்கள்னுதானே கேக்கச் சொன்னீங்க? இந்த ஊர்ல பாஸ்போர்ட்ட கேட்டாலும் பிரெஞ்சும்பாங்க, யாருன்னு கேட்டாலும் பிரெஞ்சும்பாங்க."

"அதான்..." டாக்டர் தனக்குத்தானே பேசினார். "கம்ப்யூட்டர்ல ஒவ்வொருத்தரையும் ஒரு புள்ளியா வெச்சுப் படம் போடுவோம். ஐரோப்பியர் ஒரு மூலை, நாம ஒரு மூலை. இந்த பிரெஞ்சுப் புள்ளிங்க எல்லாம் வந்து நம்ம புள்ளிங்க மேலயே விழுந்துச்சு. மெஷின் கோளாறுன்னு பெங்களூருக்கு எழுதிப்போட்டோம். ஆள் வந்து ரெண்டு நாள் ரிப்பேர் பண்ணிட்டுப் போனான்."

"அந்த ரிப்போர்ட் தப்புதானே?" தேவதாஸ் விடவில்லை. "அண்ணன் ரத்தத்தைப் பார்த்துட்டு ஆபத்து குறைவுன்னு எப்படி வந்துச்சு?"

டாக்டர் யோசித்தார். "நான் இங்க வந்த புதுசுல, சிவப்புக் கெப்பித் தொப்பி வெச்சவங்களைப் பார்த்து பேண்டு வாத்தியக்காரங்கன்னு நெனச்சேங்க. போலீஸ்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாங்க ரத்தத்துல நோயை நேராப் பார்க்கறதில்ல. அதுகூட சேர்ந்து திரியற அடையாளத்தைத்தான் எண்ணறோம். போலீஸை விட்டுட்டு கெப்பியை எண்ணற மாதிரி. பாண்டிச்சேரியில எண்ணிப் பழகின ஒருத்தர், அதே கணக்கோட விழுப்புரம் போறாருன்னு வெச்சுக்குங்க. என்ன எழுதுவாரு?"

"விழுப்புரத்துல போலீசே இல்லன்னு எழுதுவாரு."

"அதான் அந்த ரிப்போர்ட். கணக்கு முழுக்க ஐரோப்பாக்காரங்களை வெச்சுப் போட்டது. எந்த அடையாளத்துக்கு என்ன அர்த்தம்னு அவங்ககிட்ட பார்த்துப் பழகினது."

"எங்க அண்ணன் விழுப்புரம்."

"ஆமாங்க."

"அப்போ அவரு ரிப்போர்ட்ட திருத்திக் குடுங்க."

"அதுக்கு அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டு, டாக்டர் விழித்தார்.

"உங்க மெஷின் எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னுதானே சொல்லுது?"

"ஆமா."

"அந்த ஆளு வந்திருக்கேன்."

கவிநிலா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், செத்தவருடையதைத் தொட முடியாது, ஆனால் உயிரோடு இருப்பவரைத் திரும்பச் சேர்க்கலாம் என்று முடிவானது. தேவதாஸ் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். டேட்டாவிலிருந்து அண்ணன் வெளியே போக, தம்பி உள்ளே வந்தார். எழுந்து கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்தக் காகிதத்தையெல்லாம் விடுங்க. கூடப் பிறந்தவருக்கு இந்த வயசுல வந்திருக்கு. நீங்க போய் நேரா இதயத்தையே பார்த்துடுங்க. அதுக்கு எந்த நாட்டுக் கணக்கும் வேண்டாம்."

தேவதாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வந்தது காகிதத்துக்கு.

காகிதம் அடுத்த வாரம் வந்தது. இந்தத் தடவை சாம்பல் நிறம். இதயப் படம் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. 'உங்களைப் போன்றவர்களிடம் போதிய ஆய்வுகள் நடக்கவில்லை. ஆபத்தின் அளவைக் கூற இயலாது.' தேவதாஸ் இரண்டு தடவை படித்தார். எழுத்துப்பிழை இல்லை, பொய்யும் இல்லை. இப்படி ஒரு புரூப் அவர் கைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. அண்ணி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். தெரேஸ் அக்காவும் அங்கே இருந்தாள்.

"அண்ணி, இதுதான் அண்ணனோட நெஜ ரிப்போர்ட். தெரியலன்னு போட்டிருக்காங்க. நல்ல ரத்தம்னு யாரும் சொல்லல."

எலிஸபெத் வாங்கிப் பார்த்தாள். "இதுல உங்க பேருதானே தம்பி இருக்குது?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் அண்ணி."

"அதெப்படி ஒண்ணாவும்?" என்றாள் தெரேஸ் அக்கா. "டேய் தாசு, அவன் பிரெஞ்சு, நீ இந்தியன். கவர்மெண்டே பிரிச்சு வெச்சிருக்குது. அவனுக்குப் பச்சை வந்துச்சு, உனக்கு சாம்பல் வந்திருக்கு."

"அக்கா, நாங்க ஒரே வயித்துல..."

"நானும் அதே வயிறுதான். எனக்கு இன்னா வந்துச்சு? தெரியலன்னு எழுதறதுக்கு ஒரு ஆபீஸா?"

வாசலில் நின்றிருந்த வசந்தா மெல்லக் கேட்டாள். "இப்போ அப்ளை பண்ணா நேஷனாலிட்டி தருவாங்களா? பச்சை வருமே."

தேவதாஸ் அவளை முறைத்தார்.

எலிஸபெத் காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க நல்ல மனசு தம்பி. ஆனா தெரியலன்னா தெரியலதான். சட்டி என் வீட்டுதுதானே? அது தெரியும்." ஒரு பிஸ்கோத்தை எடுத்து காப்பியில் முக்கினாள். அது ஊறி, உடைந்து, டம்ளருக்குள் விழுந்தது. எடுக்கக்கூட அவளுக்கு மனமில்லை.

அன்று மத்தியானம் நடுச்சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தேவதாஸுக்கு டாக்டர் வாசலில் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் கீரை, அந்தப் பக்கம் வெண்ணெய். நடுவில் ஒரே ரத்தம். காகிதத்தால் சொல்ல முடியாததை அவர் நெஞ்சுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

"ஆஞ்சியோ எடுக்கப் போறேன்" என்றார்.

வசந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கீரையும் கேவுரும் தின்ன உடம்புக்கு இன்னா வரும்? எண்ணெய்ப் பிசுக்குகூட காட்டாம வளர்த்திருக்கேன். சும்மா போய்ப் படுத்துட்டு வாங்க, ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இருக்காதுன்னா வெண்ணெய்தான்னு ஆயிடும், அண்ணி கதை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு தேவதாஸ் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

அண்ணன் படுத்திருந்த அதே மாதிரி மேஜை. மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டார்கள். வலி தெரியவில்லை, நினைவு இருந்தது. திரையில் அவருடைய இதயம் இலை உதிர்ந்த முருங்கை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. 'மாதாவே, அடைப்பு இருக்கணும்' என்று வேண்டிக்கொண்டார். அந்த மேஜையில் இதுவரை யாரும் அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள். வேண்டிய பிறகுதான் என்ன கேட்கிறோம் என்பது உறைத்தது. இருந்தாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கவில்லை.

"சார்" என்றார் டாக்டர் தயக்கமாக. "பயப்படாதீங்க. ஒரு அடைப்பு இருக்கு. இடது பக்கத்துப் பெரிய குழாய்."

"எங்க? வாசல்லயா?"

"ஆமா, வாசல்லதான். எப்படித் தெரியும்?"

"அப்பாடா" என்றார் தேவதாஸ். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. "ரொம்ப நன்றி டாக்டர். ரொம்ப நன்றி."

டாக்டர் நர்ஸைப் பார்த்து, மயக்க மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

ஸ்டென்ட் வைத்து வார்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் டாக்டர் திணறினார். "சந்தோஷங்க... இல்ல, வருத்தங்க... நேரத்துக்குப் பார்த்துட்டீங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஒரே ஒரு ஜோடியை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுங்க."

"எங்க வீட்ல ஒரு ஜோடிதான் டாக்டர் இருந்துச்சு" என்றார் தேவதாஸ்.

சாயந்திரம் எலிஸபெத் தெரேஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே முகம், அதே ஆஸ்பத்திரிப் போர்வை. ஆனால் இந்த முகம் வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"அதே குழாய் அண்ணி! வாசல்லயே! அண்ணனுக்கு எங்க இருந்துச்சோ அங்கயே!"

"மோன் தியே, கடவுளே" என்றாள் எலிஸபெத்.

"நான் உங்க வீட்டு வெண்ணெயைத் தொட்டதே இல்ல. மோந்ததோட சரி. நாப்பது வருஷமா கீரை. வசந்தாவைக் கேளுங்க."

வசந்தா கட்டில் ஓரத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பிழைத்த அழுகை பாதி, இன்னொரு பாதி வேறு. "அப்போ நான் போட்ட கீரையெல்லாம் இன்னாத்துக்கு?" என்றாள்.

தெரேஸ் அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். வெண்ணெயைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள். அதாவது எலிஸபெத்தைப் பார்த்தாள், வசந்தாவைப் பார்த்தாள். கணக்கு எந்தப் பக்கமும் தீரவில்லை. ஒரு கை தானாக எழுந்து அவள் நெஞ்சின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"டேய் தாசு" என்றாள் சின்னக் குரலில். "அந்த டாக்டரு எந்நேரம் வரைக்கும் இருப்பாரு?"

முதலில் சிரித்தது எலிஸபெத்தான். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் உடைந்து, ஜில்பேர் போன நாளிலிருந்து வராமல் இருந்த அழுகை முழுசாக வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்காரும்படி அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, கையை நீட்டினாள்.

"சாவிய குடு வசந்தா."

வசந்தா கைப்பையைத் துழாவினாள். "இன்னாக்கா பண்ணப் போற?"

"சூப்பு. ராத்திரிக்கு தம்பிக்குக் கொண்டாரேன். ரெண்டு பிடி எனக்கும் சேர்த்துப் போடறேன், பசிக்குது." சாவியை வாங்கி உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஆனா வெண்ணெய் இல்லாம எனக்கு வெக்கத் தெரியாது. நீதான் கூட நின்னு சொல்லணும்."

"அதுல இன்னா இருக்குதுக்கா. கொஞ்சம் கீரை கிள்ளிப் போட்டா..."

"கீரையைப் பத்தி மட்டும் பேசாத" என்றாள் எலிஸபெத்.

தேவதாஸ் சிரித்தார். இடது கண் சின்னதானது. எலிஸபெத் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கடைக்குப் போக நேரமாகிறது என்று கிளம்பினாள்.